அலமாரியில் இல்லாத பாடம்

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலையில் ஒடெட் தன் முடிதிருத்தும் கடையைத் திறக்கவில்லை. கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. "மகளுக்குப் புத்தகம் வாங்கப் போகிறேன். திங்கள் வரவும்." கீழே, தேவையே இல்லாமல், "போர்த்துகீசியப் பரீட்சைக்கு" என்று இன்னொரு வரி.

நியூ பெட்ஃபோர்டில் ஒடெட் கடை சனிக்கிழமை மூடியிருந்தால் யாராவது செத்திருக்க வேண்டும், இல்லை பிறந்திருக்க வேண்டும். புத்தகத்துக்காக மூடியது இதுதான் முதல் தடவை. அன்றைக்கு ஒன்பது மணிக்குத் தலைக்குச் சாயம் பூச நேரம் வாங்கியிருந்தவள் நான். காகிதத்தைப் படித்துவிட்டு நரைத்த தலையோடு வீட்டுக்குத் திரும்பினேன். கோபமான கோபம். ஆனால் அன்று நடந்ததை எல்லாம் திங்கட்கிழமை என் தலையில் சாயம் பூசிக்கொண்டே அவள் ஒன்று விடாமல் சொன்னாள். விட்டதை அவள் மகள் நோமி சொன்னாள். அதனால் மன்னித்துவிட்டேன்.

போன வாரம் கதையை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் நிறுத்தியிருந்தோம். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் நோமி, பாஸ்டனில் ஒரு பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னாள். அந்தக் கல்லூரி வழக்கமான நுழைவுத் தேர்வோடு இரண்டு தனிப்பாடப் பரீட்சைகளையும் கேட்கிறது. ஒன்று கணக்கு. இன்னொன்று அவரவர் விருப்பம். 'விருப்பம்' என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் ஒடெட் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "போர்த்துகீஸ்!" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் பன்னிரண்டு வருடத்து ஏக்கம் இருந்தது. மகள் கணக்குப் போடும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுத்ததோடு சரி, வேறு எந்த உதவியும் செய்யத் தெரியவில்லையே என்ற ஏக்கம். ஒடெட் பதினைந்து வயதில் போர்த்துகீஸ் பேசும் சாவோ மிகேல் தீவிலிருந்து இந்த ஊருக்கு வந்து நேராக மீன் வெட்டும் ஆலையில் நின்றவள். ஆனால் தீவுப் பள்ளியில் மொழிப் பாடத்தில் அவள்தான் முதல். கடைசியில், கடவுள் கண் திறந்து, மகளுக்கு அவளால் சொல்லிக் கொடுக்க முடிகிற ஒரு பரீட்சை வந்துவிட்டது.

திங்கள் முதல் வெள்ளி வரை நாற்காலியில் வந்து உட்கார்ந்த நாற்பது தலைகளுக்கும் ஒடெட் இதைச் சொன்னாள். "நான்தான் சொல்லிக் குடுக்கப் போறேன். வினைச்சொல் எல்லாம் எனக்கு இன்னும் மனப்பாடம்." என் தலைக்கு இரண்டு தடவை சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக் கணினியில் நோமி பரீட்சைப் பட்டியலைப் பார்த்தாள். போர்த்துகீசியத்துக்குப் பரீட்சையே கிடையாது.

அதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. புதன் சொல்லலாம் என்று நினைத்தாள், வியாழன் என்று நினைத்தாள். இப்போது சனிக்கிழமை வந்துவிட்டது. இன்று மாலையோடு பெயர்ப் பதிவு முடிகிறது. அதற்குள் இரண்டாவது பாடம் எது என்று குறித்தாக வேண்டும். தப்பான பாடத்தைக் குறித்தால் பாஸ்டனை மறந்துவிடலாம்.

* * *

அப்பா அனீபல் ரொட்டிக் கடைக்கு வண்டி ஓட்டுகிறவர். விடிகாலைச் சுற்று முடித்து வந்து, வண்டியின் பின்பக்கம் காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நோமி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"போர்த்துகீஸுக்குப் பரீட்சையே இல்ல."

அனீபல் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். பிறகு வீட்டு வாசலைப் பார்த்தார். அங்கே ஒடெட், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடும் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, உதட்டுச் சாயம் சரியாக இருக்கிறதா என்று கதவுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீங்க சொல்றீங்களா?"

"நானா? இருபத்தி மூணு வருஷமா உங்கம்மாகிட்ட நான் ஒரு கெட்ட செய்தியும் சொன்னதில்ல. அதனாலதான் இன்னும் இந்த வீட்ல சாப்பாடு கிடைக்குது."

"அப்பா, விளையாடாதீங்க. எனக்குச் சொல்லப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் என்ன? சரி, கடைல போய் அவளே பாத்துக்கட்டும். அங்க நாலு பேர் இருப்பாங்க, கொஞ்சம் குரலைக் குறைப்பா."

அனீபலுக்குத் தன் மனைவியைப் பற்றி இருபத்தி மூன்று வருடத்திலும் ஒன்றும் புரியவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

* * *

மாலில் இருக்கும் அந்தப் பெரிய புத்தகக் கடையில் பரீட்சைப் புத்தகங்களுக்கென்று பின்பக்கம் ஒரு முழுச் சுவர். அக்டோபர் மாதச் சனிக்கிழமை என்றால் அங்கே நடக்க வழி இருக்காது. பிள்ளைகள் தரைவிரிப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் விரித்து, காசு கொடுக்காமலேயே பாதிப் பாடத்தை முடித்துவிடுவார்கள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வாங்கும் முன் உட்கார்ந்து பார்ப்பது இங்கே எல்லோருக்கும் வழக்கம்.

ஒடெட் அந்தப் பிள்ளைகளைத் தாண்டித் தாண்டி மொழிப் புத்தக வரிசைக்குப் போனாள். விரலால் ஒவ்வொரு முதுகாகத் தொட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தாள்.

"சைனீஸ். ஃப்ரெஞ்ச். ஜெர்மன். ஹீப்ரூ, சரி, இருக்கட்டும். இத்தாலியன். ஜப்பானீஸ். கொரியன்... கொரியனுக்கே மூணு போட்டிருக்கான். லத்தீன்." மகளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "லத்தீனுக்கு அப்புறம் நம்மது."

அடுத்த முதுகில் விரல் நின்றது. ஸ்பானிஷ். அதற்கடுத்ததும் ஸ்பானிஷ். அதற்கும் அடுத்தது, சுவர் முடியும் வரை, ஸ்பானிஷ்.

"வித்துப் போச்சு போல" என்றாள் ஒடெட். "பாரு, நம்ம ஆளுங்க எல்லாம் முந்திக்கிட்டாங்க. நான்தான் அப்பவே வந்திருக்கணும்."

நோமிக்கு அந்த நிமிடம் தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. அதற்குள் ஒடெட் தாடி வைத்த கடைப் பையன் ஒருவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"தம்பி, போர்த்துகீஸ் புக்கு எப்ப வரும்?"

"எந்தப் பரீட்சைக்கு, மேடம்?"

"காலேஜ் சேர்றதுக்கு எழுதறாங்களே, தனிப்பாடப் பரீட்சை. அதுக்குத்தான்."

அவன் நல்ல பிள்ளை. தலையைச் சொறிந்தான், கீழ்த் தட்டிலிருந்து ஒரு தடித்த நீலப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தை விரித்துக் காட்டினான். "இது பரீட்சை நடத்தறவங்களே போட்ட புக். மொத்தம் இருபது பாடம், இருபதுக்கும் ஒவ்வொரு வினாத்தாள் இதுல இருக்கு. இந்த லிஸ்ட்ல இல்லாத பாடத்துக்குப் பரீட்சை கிடையாது, மேடம்."

ஒடெட் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இருபது வரியையும் படித்தாள். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை.

"லத்தீன் இருக்கு" என்றாள்.

"ஆமா, மேடம்."

"அது செத்த மொழி. பேசறதுக்கு ஒரு ஆள் உயிரோட இல்ல. அதுக்குப் பரீட்சை இருக்கு. இந்த ஊர்ல தெருவுக்கு நூறு பேர் பேசற மொழிக்கு இல்ல. இது என்ன நியாயம்?"

"நான் இங்க வேலை பாக்கறவன்தான், மேடம்" என்றான் பையன் பாவமாக. பிறகு, நல்லது செய்வதாக நினைத்து, "ஸ்பானிஷ் வேணும்னா நிறைய இருக்கு. ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதானே?" என்றான்.

அனீபல் கண்களை மூடிக்கொண்டார்.

"ஒண்ணா? யார் சொன்னது ஒண்ணுன்னு? உன் தாடியும் அந்த ஆளோட தாடியும் ஒண்ணா?" அந்தப் பக்கம் சமையல் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒரு மனிதர் பயந்துபோய்த் தன் தாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாம் பென்சிலை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள்.

"அம்மா" என்றாள் நோமி. "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"போர்த்துகீஸ் இல்லன்னு. செவ்வாய்க்கிழமையே தெரியும்."

ஒடெட் உயரத்திலிருக்கும் புத்தகம் எடுக்க வைத்திருந்த குட்டி ஏணியில் மெல்ல உட்கார்ந்தாள். கோயில் கோட்டின் பொத்தானை அவிழ்த்தாள், திரும்பப் போட்டாள். கத்தியிருந்தால் நோமிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை.

"செவ்வாய்க்கிழமை" என்றாள். "புதன்கிழமை ஒன்பது தலை. வியாழன் பதினொண்ணு. அத்தனை பேர்கிட்டயும் சொன்னேனே. நீ சாயங்காலம் கடைக்கு வந்து, என் பக்கத்துல நின்னு, வெட்டின முடியப் பெருக்கிட்டு கேட்டுட்டுத்தானே இருந்த? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தம்மா. அதைப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?"

ஒடெட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. நோமிக்கும்தான். அனீபல் எங்கிருந்தோ ஒரு சிவப்பு அட்டை போட்ட பெரிய வேதியியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது நல்ல கனமா இருக்கு, இதை வாங்கிடலாமா?" என்றார்.

* * *

பதினேழு வயதுப் பெண்கள் குற்ற உணர்ச்சியில் எடுக்கும் முடிவுகளுக்கு அளவே இல்லை. நோமி சட்டென்று ஒரு ஸ்பானிஷ் புத்தகத்தை உருவினாள்.

"நான் இதையே எழுதறேம்மா. நமக்குப் பாதி புரியும்தானே. மீதிய நீ சொல்லிக் குடு."

மூன்று பேரும் கடைக்குள்ளேயே இருக்கும் காபி மேசைக்குப் போனார்கள். ஒடெட் மூக்கைச் சிந்திவிட்டு, வேண்டா வெறுப்பாகப் புத்தகத்தைப் பிரித்தாள். புத்தகத்தில் எழுதக் கூடாது என்பதால் அனீபல் தன் சட்டைப் பையிலிருந்து ரொட்டி ஆர்டர் சீட்டுகளை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். முப்பது கேள்வி. நோமி ஒரு சீட்டில் விடை எழுதினாள். சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒடெட்டும் ஒரு சீட்டில் எழுதினாள்.

அனீபல் பின்பக்க விடையோடு ஒத்துப் பார்த்தார். முதலில் மகளுடையது. பிறகு மனைவியுடையது. பிறகு மனைவியுடையதை இன்னொரு தடவை.

"நோமி பதினாறு" என்றார். "ஒடெட், நீ இருபத்தி ஆறு."

"என்னது?"

"இருபத்தி ஆறு. முப்பதுக்கு. நீ பேசாம பாஸ்டன் போயிடு, நோமி கடையப் பாத்துக்கட்டும்."

ஒடெட் சிரிக்கக் கூடாது என்று பார்த்தாள், முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். நோமியும் சிரித்தாள், ஆனால் பாதியில் நின்றுவிட்டது. முப்பதுக்குப் பதினாறு. ஐந்து வாரத்தில் அதை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது?

அம்மாக்களுக்கு இந்த மாதிரிப் பாதிச் சிரிப்பெல்லாம் தெரிந்துவிடும். ஒடெட் ஸ்பானிஷ் புத்தகத்தை மூடினாள்.

"இங்க பாரு. உண்மையச் சொல்லு. நான்னு ஒருத்தி இல்லவே இல்லன்னு வெச்சுக்கோ. நீ எதை எழுதுவ?"

நோமி காபிக் கோப்பையைச் சுற்றினாள். "கெமிஸ்ட்ரி."

"பிடிக்குமா?"

"ரொம்பப் பிடிக்கும்மா."

"பிடிக்கும்னா இந்த வாரம் பூரா ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருந்த?"

"மார்க் வரல. அப்பா தூக்கிட்டு வந்தாங்களே, அந்தச் சிவப்பு புக்கு, அதையேதான் நூலகத்துலேருந்து எடுத்துட்டு வந்து மூணு வாரமா போடறேன். எண்ணூறுக்கு ஐந்நூத்தி அறுபதுக்கு மேல ஏற மாட்டேங்குது. அந்தக் காலேஜுக்கு எழுநூறுக்குப் பக்கத்துலயாவது வேணும். அதான்... நீ போர்த்துகீஸ்னு சொன்னப்ப, தப்பிச்சோம்னு எனக்கும் கொஞ்சம் சந்தோஷமா இருந்துச்சு."

பக்கத்து மேசையில் காலிக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்த அந்தத் தாடிப் பையன் இதைக் கேட்டுவிட்டான். ஒடெட்டைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டான்.

"சிவப்பு புக்கா? அதை வெச்சா மார்க்கப் பாத்தீங்க? அது உண்மைப் பரீட்சைய விட ரொம்பக் கஷ்டமா போட்டிருப்பாங்க. என் தம்பி அதைப் பாத்துப் பயந்து பாடத்தையே மாத்திக்கிட்டான். பாடம் படிக்க நல்ல புக்குதான். நீ எங்க நிக்கறன்னு பாக்கணும்னா அந்த நீல புக்குல இருக்கற தாளப் போடு. எண்ணூறுக்கு எவ்வளவுன்னு பாக்கற அட்டவணையும் அதுலயே பின்னாடி இருக்கு."

ஒடெட் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க எங்க மேடம் பேச விட்டீங்க?"

* * *

வேதியியலும் கணக்குச் சுவரும் சேரும் மூலையில் நோமி தரையில் உட்கார்ந்தாள். மடியில் நீலப் புத்தகம், கையில் ரொட்டிச் சீட்டுகள். எண்பத்தைந்து கேள்வி, ஒரு மணி நேரம்.

அனீபல் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஒடெட் அந்த வரிசையின் முனையில், கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, ஒரு காவல்காரி போல நின்றாள். அந்தப் பக்கம் வந்த ஒவ்வொருவரையும், "சுத்திப் போங்க, பொண்ணு பரீட்சை எழுதறா" என்று திருப்பி அனுப்பினாள். வந்தவர்களும் பாவம், உண்மையிலேயே பரீட்சை என்று நினைத்துச் சுற்றிப் போனார்கள். ஒரு பாட்டுக் குறுந்தகடு வேண்டும் என்று கேட்டவரை மட்டும் அதட்டி அனுப்ப வேண்டியிருந்தது.

நோமி முதல் பத்து நிமிடம் ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தடவை படித்தாள். பிறகு ஒரு தடவையே போதும் என்றானது. கேள்விகள் குறுக்கு வழியில் மடக்கவில்லை. நேராகக் கேட்டன. சிவப்புப் புத்தகம் பாடத்தின் கடைசிப் பத்தியில் போட்டிருக்கும் விதிவிலக்கையே தேடித் தேடிக் கேட்கும். இது பாடத்தைக் கேட்டது. தெரியாததை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனாள். தப்பாக எழுதினால் கால் மதிப்பெண் போய்விடும், விட்டால் ஒன்றும் போகாது.

"போதும், வை" என்றார் அனீபல்.

"அரை நிமிஷம்ப்பா!"

"ரொட்டிக்காரன்கிட்ட அரை நிமிஷமெல்லாம் கிடையாது. வை."

விடைகளைச் சரி பார்த்ததும் அவர்தான். அறுபத்தொன்று சரி. பன்னிரண்டு தப்பு. பன்னிரண்டு விட்டது. தப்புக்குக் கால் கால் கழித்தால் மூன்று போயிற்று, ஐம்பத்தெட்டு. நோமி அந்த எண்ணைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது. எண்பத்தைந்துக்கு ஐம்பத்தெட்டு. நூற்றுக்கு எழுபதுகூட இல்லை. இந்த ஊர்ப் பள்ளியில் என்றால் தேறுவதே கஷ்டம்.

"இரு, இரு" என்றார் அனீபல். "புக்குக்குப் பின்னாடி ஒரு அட்டவணை இருக்குன்னானே அந்தப் பையன்."

பின்னால் புரட்டினார். ஐம்பத்தெட்டுக்கு நேரே விரலை வைத்து, கோடு மாறாமல் இழுத்துக்கொண்டு போனார். விரல் நின்றது. மகள் பக்கம் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார்.

அறுநூற்றுத் தொண்ணூறு.

"அம்மா!" என்று நோமி கத்தியது சமையல் புத்தகப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஒடெட்டுக்கு அந்த அட்டவணை புரியவில்லை. அது புரியவே வேண்டியதில்லை. மகளின் முகத்தைப் பார்த்தாள், ஓடி வந்து கோயில் கோட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டாள். மூன்று வாரமாக அந்த முகத்தில் இல்லாத வெளிச்சம் அது. அதைப் பார்க்கக் கண் இரண்டு போதாது என்று திங்கட்கிழமை என்னிடம் சொன்னபோது சாயத் தூரிகையைக்கூடக் கீழே வைத்துவிட்டாள்.

நீலப் புத்தகத்தை மட்டும் வாங்கினார்கள். பாடம் படிக்க நூலகத்துச் சிவப்பே போதும், ஆனால் அதில் இனி மதிப்பெண் போட்டுப் பார்ப்பதில்லை என்று நோமி சத்தியம் செய்தாள். ஸ்பானிஷைத் திரும்ப வைக்கப் போன ஒடெட், லத்தீனுக்கும் ஸ்பானிஷுக்கும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு இடம் விட்டு வைத்தாள். கடைப் பையன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டான்.

* * *

மாலை ஐந்து மணி. அடுப்பில் சொரிசோத் தொத்திறைச்சி போட்ட சூப் கொதித்துக்கொண்டிருந்தது. சமையலறை மேசையில் நோமி கணினியைத் திறந்து பதிவுப் பக்கத்தை நிரப்ப ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி மணி அடித்தது.

தோனா ஜுல்மிரா. ஜுல்மிரா அம்மாள், ஒவ்வொரு திங்களும் சுருள் முடி வைத்துக்கொள்ள வருகிறவர். எங்கள் கோயில் பெண்கள் சங்கத்தின் தலைவி, அவரிடம் ஒரு விஷயம் போனால் ஊர் முழுக்கப் போனதாக அர்த்தம். ஒடெட் கையெல்லாம் கீரை, அதனால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா ஒடெட், போர்த்துகீஸ் புக்கு வாங்கிட்டியா? எந்தப் புக்குன்னு சொல்லு. என் பேரனுக்கும் வாங்கிடறேன். நீயே அவனுக்கும் சேத்துச் சொல்லிக் குடுத்துடு."

நோமி தட்டச்சை நிறுத்தினாள். அனீபல் ரொட்டியை வெட்டுவதை நிறுத்தினார்.

புத்தகம் தீர்ந்துபோச்சு என்று சொல்லலாம். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லலாம். ஒடெட்டுக்கு இரண்டுமே நாக்கு நுனி வரை வந்தது என்று என்னிடம் சொன்னாள்.

"போர்த்துகீஸுக்குப் பரீட்சையே இல்ல, தோனா ஜுல்மிரா. நான் சரியா விசாரிக்காம எல்லார்கிட்டயும் உளறிட்டேன். நோமி கெமிஸ்ட்ரி எழுதறா."

"கெமிஸ்ட்ரியா! அதுக்கு யாரு சொல்லிக் குடுக்கறது?"

"யாருமில்ல. அவளே படிச்சுக்கறா. எனக்கு அதுல ஒரு எழுத்து தெரியாது." கீரையைச் சூப்பில் போட்டாள். "அவளுக்குத் தெரியுது. அது போதும்."

அந்தப் பக்கம் தோனா ஜுல்மிரா, லத்தீனுக்கு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றதும் பத்து நிமிடம் திட்டினார். சங்கத்திலிருந்து ஒரு கடிதம் போட்டே ஆக வேண்டும், எத்தனை கையெழுத்து வேண்டும் சொல்லு என்றார். ஒடெட் மனம் நிறைந்து ஃபோனை வைத்தாள்.

நோமி எழுந்து வந்து அம்மாவின் தோளில் தாடையை வைத்துக்கொண்டாள். ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டுப் போய் உட்கார்ந்தாள். கணக்கு, ஒரு சொடுக்கு. வேதியியல், ஒரு சொடுக்கு. அடுத்த பக்கம், பரீட்சை எழுதும் இடம்.

"அய்யோ" என்றாள்.

"என்ன?"

"நம்ம ஊர்ல இடம் முடிஞ்சு போச்சு. ஃபால் ரிவரும் முடிஞ்சுது. பிராவிடன்ஸும் இல்ல." கீழே கீழே இறக்கினாள். "நம்மால போக முடியற தூரத்துல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. வினியார்ட் தீவு."

அனீபல் அவள் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தார். "தீவா? எத்தன மணிக்கு அங்க இருக்கணும்?"

"ஏழே முக்கால். எட்டு மணிக்குக் கதவைச் சாத்திடுவாங்க."

"முதல் படகு அதுக்கப்புறம்தானே போய்ச் சேரும்? அப்ப முந்தின நாளே போய் அங்க தங்கணும்."

தங்க வேண்டும் என்றதும் அவர் நிறுத்திக்கொண்டார். மனைவியின் முதுகைப் பார்த்தார். ஒடெட் சூப்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

அந்தத் தீவில் அவர்களுக்குச் சொந்தக்காரர் வீடு ஒன்று இருக்கிறது. ஒடெட்டின் கூடப் பிறந்த அக்கா ஃபிலோமெனாவின் வீடு. இங்கிலீஷ் பள்ளியில் படித்து வங்கியில் வேலைக்குப் போனவள். ஒரு கல்யாணத்தில், பந்தி நிறைய ஆட்கள் இருக்கும்போது, "எங்க ஒடெட் படிச்ச படிப்புக்கு முடிதான் வெட்ட முடிஞ்சுது" என்று சொல்லிச் சிரித்தாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஒன்பது வருடமாக இரண்டு பேரும் பேசுவதில்லை.

"ஒடெட்" என்றார் அனீபல் மெதுவாக. "வேணும்னா நான் பேசிப் பாக்கறேன்."

"நீ பேசினா கெட்டுது."

"ஒரு விடுதியாவது பாக்கலாம்மா" என்றாள் நோமி. "இல்லன்னா டிசம்பர்ல எழுதறேன்."

"டிசம்பர்ல எழுதினா அந்தக் காலேஜுக்கு நேரத்துக்குப் போய்ச் சேருமா?"

நோமி உதட்டைப் பிதுக்கினாள்.

"அந்தப் பட்டனை அமுக்கு" என்றாள் ஒடெட்.

நோமி அழுத்தினாள். திரையில் அவள் பெயரும் நாளும் தீவின் பெயரும் வந்து நின்றன. ஒடெட் அடுப்பை அணைத்தாள். கையைக் கழுவி, ஒவ்வொரு விரலாகத் துடைத்து, தொலைபேசியை எடுத்தாள்.

"நம்பர் எடுத்துத் தரவாம்மா? பழைய டைரில எங்கயாவது இருக்கும்."

"வேணாம்" என்றாள் ஒடெட். அவள் ஏற்கெனவே அழுத்த ஆரம்பித்துவிட்டாள். பத்து எண்கள். ஒரு இடத்தில்கூட விரல் நின்று யோசிக்கவில்லை.

மூன்றாவது மணியில் அந்தப் பக்கம் எடுத்தார்கள்.